மருத்துவம் படிக்கும் பிள்ளையும் வீட்டு மாத்திரைப் பெட்டியும்

மருத்துவக் கல்லூரியில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரு வீட்டை மட்டுமன்றி ஒரு தெருவையே மகிழ்ச்சியில் ஆழ்த்திவிடுகிறது. ஆரணி போன்ற பட்டு நெசவு நகரத்தில் அம்மகிழ்ச்சி இன்னும் ஒருபடி அதிகம். தறிக்குழியில் கால் வைத்தே காலம் கழித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் சென்னைக்கும் படிக்கச் செல்கின்றனர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2020-ஆம் ஆண்டில் கொண்டுவந்த பின்னர், கூலி நெசவு செய்வோர் வீட்டுப் பிள்ளைக்கும் அக்கதவு சற்றே அகலத் திறந்திருக்கிறது.

அப்பிள்ளை முதல் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பை இறங்கும் முன்பே பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்துவிடுகிறார். கையில் பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை. "தம்பி, மூணு நாளா தொண்டை வலி. போன தடவை வாங்கினதுல நாலு மாத்திரை மிச்சம் இருக்கு. போட்டுக்கலாமா?" என்று கேட்கிறார். முதலாண்டு மாணவன் அதுவரை படித்தது எலும்பும் தசையும் நரம்பும்தான். மருந்தியல் பாடத்தின் முதல் பக்கத்தைக்கூட அவன் புரட்டவில்லை. ஆயினும் பெரியவர்கள் முன்னிலையில் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல நாணுகிறான். "போட்டுக்கோங்க பெரியம்மா" என்று சொல்லிவிடுகிறான். வீட்டார் பூரித்துப் போகின்றனர்.

அந்த ஒரு சொல்லில் தொடங்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதைப் பற்றியே இக்கட்டுரை. ஆன்டிபயாடிக் என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் குறித்து நம் மருத்துவ மாணவர்கள் என்ன அறிந்திருக்கின்றனர், அறிந்ததை எவ்வாறு பயன்படுத்துகின்றனர், அதில் குடும்பத்தாராகிய நம் பங்கு என்ன என்பதை ஒவ்வொரு வீட்டாரும் சிந்திக்க வேண்டிய காலம் இது.

எதிர்ப்பாற்றல் யாருக்கு?

நோய் தரும் நுண்ணுயிர்களில் பாக்டீரியா ஒரு வகை, வைரஸ் வேறொரு வகை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். சாதாரண சளி, காய்ச்சலோடு வரும் மூக்கொழுகல், பெரும்பாலான தொண்டை வலி, டெங்கு ஆகியவை வைரஸால் வருபவை. இவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லியை விழுங்குவதால் யாதொரு பயனும் இல்லை. கொரோனா காலத்தில் அஜித்ரோமைசின் என்னும் மாத்திரை வீடுதோறும் விழுங்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு அம்மருந்தால் நன்மை ஏதும் விளையவில்லை என்று 2021-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பெரிய ஆய்வொன்று நிறுவிவிட்டது. எனினும் அம்மாத்திரையின் பெயர் மட்டும் நம் தாய்மார்களின் நாவில் நிலைத்துவிட்டது.

பலர் மயங்கும் மற்றோர் இடம் உண்டு. "மருந்து அதிகம் சாப்பிட்டு என் உடம்புக்குப் பழகிவிட்டது, இனி வேலை செய்யாது" என்பார்கள். பழகுவது உடம்பன்று, கிருமி. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் வசதியான சூழலில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பெருகுகின்றன. கோடிக்கணக்கில் பெருகும்போது ஏதோ சிலவற்றில் சிறு மாற்றம் நிகழ்ந்து, மருந்தைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு வாய்க்கிறது. நாம் மருந்து உண்ணும்போது வலிமையற்றவை மடிகின்றன; வலிமை பெற்றவை எஞ்சிப் பெருகுகின்றன. போதாக்குறைக்கு, அந்த வலிமையைத் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா தன் பக்கத்திலுள்ள வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும்.

ஆகவே, தேவையின்றி மருந்து உண்டவரின் உடலில் வளர்ந்த கிருமி, மருந்தே உண்ணாத அண்டை வீட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேரலாம். மற்ற மருந்துகளைத் தவறாக உண்டால் துன்பம் உண்டவருக்கு. இம்மருந்தைத் தவறாக உண்டால் துன்பம் ஊருக்கு. நாம் பெற்றதைப் பின்வருவோர்க்குக் கெடாமல் ஒப்படைக்க வேண்டிய அமானிதப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

கண்டுபிடித்தவரே விடுத்த எச்சரிக்கை

1928-ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பெனிசிலினைக் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃப்ளெமிங். 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது அவர் ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். தொண்டை வலி கண்ட ஒருவர் கடையில் பெனிசிலினைத் தாமே வாங்கிக் குறைவாக உட்கொள்கிறார். கிருமி மடியவில்லை, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. பிறகு அது அவருடைய மனைவியைத் தொற்றியது. மனைவிக்குப் பெனிசிலின் கொடுத்தும் பலனின்றி அவர் இறந்துபோகிறார். அம்மரணத்திற்குப் பொறுப்பாளி யார் என்று ஃப்ளெமிங் கேட்டார். அன்று கற்பனையாகச் சொன்னது இன்று கணக்காகிவிட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என்று 2022-இல் லான்செட் மருத்துவ ஏடு வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது.

நம் பகுதிக்கே வருவோம். டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் குளோராம்பெனிகால் கைகண்ட மருந்தாக இருந்தது. 1972-ஆம் ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. 1990-ஆம் ஆண்டில், ஒரே சமயத்தில் பல மருந்துகளுக்கும் அடங்காத டைபாய்டுக் கிருமியைப் பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் லான்செட் ஏட்டில் எழுதினர். பின்னர் சிப்ரோஃப்ளாக்ஸசின் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதற்கும் வலிமை குன்றியது. இன்று டைபாய்டுக்கு ஊசி மருந்தான செஃப்ட்ரியாக்ஸோனையும் அஜித்ரோமைசினையும் பெரிதும் நம்பியிருக்கிறோம். சளிக்கும் தொண்டை வலிக்கும் நாம் வீணே விழுங்கித் தீர்ப்பது, டைபாய்டுக்கு எஞ்சியிருக்கும் அதே அஜித்ரோமைசினைத்தான்.

படித்ததும் பழகியதும்

மருத்துவ மாணவர்களுக்கு இவையெல்லாம் கற்பிக்கப்படவில்லையா? கற்பிக்கப்படுகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்பின் இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியலும் மருந்தியலும் முதன்மைப் பாடங்கள். 2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில், நுண்ணுயிர்க்கொல்லிகளை அளவறிந்து பயன்படுத்துதல் ஒரு தனித் திறனாகவே குறிக்கப்பட்டுள்ளது.

நாட்டின் பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலும் ஒரே பாங்கான விடை கிடைக்கிறது. கிருமிகளின் எதிர்ப்பாற்றல் பெரும் ஆபத்து என்பதை மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கின்றனர். சளிக்கு இம்மருந்து கூடாது என்பதையும் பலர் அறிந்திருக்கின்றனர். ஆனால் தமக்கு உடல்நலம் கெட்டபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கதை மாறிவிடுகிறது. மருத்துவரைக் காணாமல் தாமே கடையில் வாங்கியவர்கள், உடல் தேறியதும் பாதியில் நிறுத்தியவர்கள், மிச்சத்தை விடுதி அறைத் தோழனுக்குக் கொடுத்தவர்கள் என அறிந்தும் மாறாக நடந்தோர் கணிசமானோர். கர்நாடகக் கடலோரப் பகுதியில் 440 மருத்துவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 78 விழுக்காட்டினர் தாமாகவே மருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் உடையவராயிருந்தனர். காய்ச்சல் மாத்திரை முதலிய எல்லா மருந்துகளும் அக்கணக்கில் அடங்கும். எனினும் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை அது காட்டிவிடுகிறது.

மதரஸாவில் பாடம் சொல்லும் எம் போன்றோர்க்கு இது வியப்பளிக்கவில்லை. உளூவின் ஃபர்ளுகளையும் சுன்னத்துகளையும் சிறுவன் தடையின்றி ஒப்புவிப்பான். ஆனால் பள்ளிவாசல் ஹவ்ளில் அமரும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர் அவசரமாகச் செய்வதைப் பார்த்து அவ்வாறே தானும் செய்துவிட்டு எழுந்துவிடுவான். மனனம் செய்த பாடம் வேறு. கண்ணெதிரே கண்டு கைக்கு வந்த பழக்கம் வேறு. இரண்டும் மோதும்போது பெரும்பாலும் பழக்கமே வெல்கிறது. மருத்துவ மாணவனுக்கும் அவ்வாறே. அவனுக்குப் பழக்கம் இரண்டு இடங்களில் படிகிறது. ஒன்று மருத்துவமனை வார்டு. மற்றொன்று அவன் வளர்ந்த வீடு.

வார்டு கற்றுத்தரும் பாடம்

நாலரை ஆண்டுப் படிப்பு முடிந்த பின்னர் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். மக்கள் வழக்கில் ஹவுஸ் சர்ஜன் என்போமே, அப்பணி. மாணவனின் கை உண்மையான நோயாளிக்கு மருந்து எழுதப் பழகும் காலம் அதுவே.

கிருமி எது, அது எம்மருந்துக்கு அடங்கும் என்று அறிய ஒரு முறை உண்டு. நோயாளியின் சிறுநீரையோ இரத்தத்தையோ சளியையோ எடுத்து ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்ப்பார்கள். கிருமி பரப்பிய வட்டத் தட்டின்மீது வெவ்வேறு மருந்தில் தோய்த்த சிறு காகித வில்லைகளை வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் போதிய அளவு வெற்று வட்டம் தெரிகிறதோ, அம்மருந்து பயன்படும். வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தால் அம்மருந்து பயனற்றது. கல்ச்சர் பரிசோதனை எனப்படும் இதன் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

வார்டிலோ நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றனர். உறவினர்கள் பதறி நிற்கின்றனர். மூத்த மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது எழுதுவதைப் பார்த்து இளையவர் அடுத்த படுக்கைக்கும் அதையே எழுதுகிறார். முன்னெச்சரிக்கையாக ஒரு வலிய மருந்தைப் போட்டுவைத்தால் பழி வராது என்ற எண்ணம் வேறு. நாட்டின் 20 பெரிய மருத்துவமனைகளில் 2021-22-இல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கெடுப்பில், உள்நோயாளிகளில் சுமார் 72 விழுக்காட்டினர் நுண்ணுயிர்க்கொல்லி பெற்றுக்கொண்டிருந்தனர். அதிலும் பாதிக்கு மேற்பட்ட மருந்துகள், நோய்த்தொற்று வராமல் தடுக்கும் முன்னெச்சரிக்கைக்காக எழுதப்பட்டவை. இந்நிலை கண்டு, இம்மருந்துகளை எழுதும்போது எக்காரணத்திற்காக எழுதுகிறோம் என்பதையும் சீட்டில் குறிக்க வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி மருத்துவர்களை நடுவண் அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் 2024 ஜனவரியில் கடிதம் வாயிலாகக் கேட்டுக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு எல்லா மருத்துவர்களையும் ஐயுற வேண்டாம். இரத்தத்தில் நஞ்சேறிய நோயாளிக்கோ மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைக்கோ பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருந்து கொடுத்தாக வேண்டும்; ஒரு மணி நேரத் தாமதமும் உயிருக்கு உலை வைத்துவிடும். எங்கே காத்திருக்கலாம், எங்கே காத்திருக்கலாகாது என்று பகுத்தறிவதே மருத்துவக் கல்வியின் சாரம். அப்பகுத்தறிவு வளர மாணவனுக்கு நல்ல முன்மாதிரியும், "ஏன்?" என்று கேட்கும் துணிவும் வேண்டும்.

சென்னையிலிருந்து எழுந்த குரல்

அத்துணிவு நம் மண்ணில் இல்லாமற் போகவில்லை. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய சுவீடன் நாட்டவர் ஒருவரிடம் 2008-ஆம் ஆண்டில் ஒரு புதுவகை எதிர்ப்பாற்றல் கண்டறியப்பட்டது. மற்றவை கைவிட்டபின் பயன்படுத்தும் கார்பபெனெம் என்ற உயர்வகை மருந்துகளையே உடைத்தெறியும் நொதி அது, என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று ஆராய்ந்து 2010 ஆகஸ்டில் லான்செட் குழும ஏட்டில் வெளிவந்த கட்டுரை உலகையே உலுக்கியது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என அக்கிருமி மாதிரிகள் கண்டறியப்பட்டன. நாட்டின் தலைநகர்ப் பெயரைக் கிருமிக்குச் சூட்டினார்கள் என்று அன்று பெருஞ்சினம் எழுந்தது. பெயர்ச் சண்டை ஓய்ந்தது; கிருமி ஓயவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டு 24 அன்று, நாட்டின் பல்வேறு மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடினார்கள். அக்கூட்டத்தை ஒருங்கிணைத்தவர் சென்னையில் பணியாற்றும் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். அங்கு உருவான ஆவணம் "சென்னைப் பிரகடனம்" என்று உலக மருத்துவ வட்டாரத்தில் அறியப்படுகிறது. மருத்துவரே இல்லாத சிற்றூர்களும் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தடை செய்ய இயலாது. நடக்கக்கூடியதைப் படிப்படியாகச் செய்வோம் என்பதே அதன் அணுகுமுறை. சீட்டின்றி விற்பதைக் கட்டுப்படுத்துதல், ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு மருந்துக் கொள்கை வகுத்தல் ஆகியவற்றோடு, மருத்துவ மாணவர்களின் பாடத்திட்டத்தில் இதனைச் சேர்த்தலும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையின்படி, செஃபிக்ஸிம் போன்ற பல நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2016-இல், மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது என்ற பிரசாரத்தை நடுவண் அரசு தொடங்கியது. இக்கட்டுரையைப் படிக்கும் சகோதரிகள் எழுந்து சென்று வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அச்சிவப்புக் கோடு எத்தனை அட்டைகளில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பலருக்கு வியப்பாயிருக்கும்.

நம் வீடுகளின் நிலை

கூலி நெசவாளிக்கு ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் வருமானம் நின்றது. முகூர்த்தக் காலத்தில் சேலையைக் குறித்த நாளில் அறுத்துக் கொடுக்காவிட்டால் முதலாளியிடம் பேச்சு. ஆகவே, "நாளைக்கே எழுந்து உட்காரும்படி ஒரு ஊசி போடுங்கள்" என்று அவர் மருத்துவரிடம் கேட்பதில் அறியாமையைவிட வறுமையே மிகுதி. ஓய்வும் வெந்நீரும் மூன்று நாளும் போதும் என்று சொல்லும் மருத்துவரை அவர் கைராசியில்லாதவர் என்று எண்ணி அடுத்த தெருவுக்குச் சென்றுவிடுகிறார். கேட்டதைக் கொடுத்தனுப்பும் மருத்துவரிடம் கூட்டம் சேருகிறது. இதை இளம் மருத்துவர் பார்த்துக்கொண்டேயிருக்கிறார். கல்லூரி கற்றுத்தந்ததைச் சந்தை மறக்கடிக்கும் விதம் இதுதான்.

அடுத்தது ரமளான் மாதம். காலை, மதியம், இரவு என மூன்று வேளை உண்ணவேண்டிய மாத்திரையை நோன்பின்போது சிலர் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் மூன்றையும் நோன்பு திறந்ததும் ஒருசேர விழுங்குகின்றனர். இரண்டுமே தீங்கு. மருந்தின் அளவு இரத்தத்தில் குறிப்பிட்ட மட்டத்திற்குக் கீழே இறங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே இத்தனை மணிக்கு ஒருமுறை என்று வகுத்திருக்கிறார்கள். நோயாளிக்கு நோன்பை விடவும், பின்னர் அதனை நிறைவேற்றவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு நோற்கும் நிலையில் உள்ளவர் மருத்துவரிடம் அதனை முன்கூட்டியே சொன்னால், ஒரு வேளையோ இரு வேளையோ உண்ணும் மருந்து பொருந்துமா என்று அவர் பார்த்துத் தருவார். கேளாமல் நாமே மாற்றிக்கொள்வதுதான் பிழை.

"எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும்?" என்பதிலும் தெளிவு தேவை. முன்பு நீண்ட நாட்கள் கொடுத்த பல நோய்களுக்குக் குறுகிய காலமே போதும் என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. காசநோய் போன்றவற்றுக்கோ மாதக்கணக்கில் உண்ண வேண்டும். ஆகவே நாளைத் தீர்மானிப்பது மருத்துவர் பொறுப்பு. நாமாக நிறுத்துவதும் தவறு. நாமாக நீட்டிப்பதும் தவறு. மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் பெருந்தவறு.

வீடே மருத்துவமனையானபோது

வீட்டாரால் என்ன சாதிக்க முடியும் என்பதற்குத் தமிழகமே உலகுக்கு ஒரு சான்று தந்திருக்கிறது. காசநோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி விரைவில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்பது 1940-களின் இறுதியிலேயே ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து, நீண்ட காலம், ஒரு நாளும் தவறாமல் உண்ண வேண்டும். அத்தகைய ஒழுங்கு சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் நடக்கும், ஏழைகளின் வீட்டில் நடக்காது என்று அக்கால அறிஞர்கள் பலர் கருதினர். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதனைச் சோதித்துப் பார்த்தது. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959-இல் முடிவு வெளியாயிற்று. உலக நாடுகள் காசநோய்ச் சிகிச்சையைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாற்ற அது வழி வகுத்தது. அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

அன்று அந்த ஏழை வீடுகள் மாத்திரையை ஒழுங்காக உண்டு அறிஞர்களின் ஐயத்தைப் போக்கின. இன்று நம் வீடுகளால் அது இயலாதா?

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்

மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் நான்கு காரியங்களை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, படித்து முடிக்கும் வரை அப்பிள்ளையிடம் மருந்து கேளாதீர்கள். பிறரையும் கேட்க விடாதீர்கள். பெரியம்மா மாத்திரை அட்டையோடு வந்தால், "அவன் இன்னும் படிக்கிறான், டாக்டரிடம் காட்டுவோம்" என்று பெற்றோரே சொல்லிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவைப் பிள்ளைக்கு ஊட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. அத்துணிவு இல்லாத மருத்துவர் ஆபத்தானவர்.

இரண்டாவது, வீட்டு மாத்திரைப் பெட்டியை அப்பிள்ளையைக் கொண்டே ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். மிச்சம் கிடக்கும் சிவப்புக் கோட்டு அட்டைகளைப் பிரித்தெடுக்கட்டும். அவற்றைச் சாக்கடையிலோ கமண்டல நாகநதி மணலிலோ எறிய வேண்டாம்; நீரில் கலந்த மருந்தும் கிருமிக்குப் பாடம் கற்பிக்கும். எவ்வாறு அப்புறப்படுத்தலாம் என்று மருந்துக் கடையில் கேட்டறியலாம்.

மூன்றாவது, விடுமுறையில் வரும் பிள்ளையிடம், "எங்களுக்கு விளங்கும்படி சொல்" என்று இப்பாடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன வேறுபாடு, சளிக்கு ஏன் இம்மாத்திரை வேண்டாம் என்பதைப் பாட்டிக்குப் புரியவைக்க முடிந்த மாணவன் நாளை தன் நோயாளிக்கும் புரியவைப்பான். பிறருக்குச் சொல்லிக் கொடுத்த பாடமே நெஞ்சில் நிலைக்கும் என்பது ஓதிக் கொடுப்போர் அனைவரும் அறிந்தது.

நான்காவது, மாத்திரை எழுதாமல் அனுப்பும் மருத்துவரை மதியுங்கள். "ஆன்டிபயாடிக் தேவையா டாக்டர்?" என்று பணிவோடு கேளுங்கள். "இப்போது தேவையில்லை, காய்ச்சல் தணியாவிட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வாருங்கள்" என்று அவர் சொன்னால் அவ்வாறே செய்யுங்கள். அவருடைய கட்டணத்தை மனமுவந்து கொடுங்கள். அவர் தந்த ஆலோசனையும் மருத்துவமே. நாளை உங்கள் மகனோ மகளோ அதே நாற்காலியில் அமர்ந்து, படித்ததை உள்ளபடி சொல்லும்போது, எதிரே அமர்ந்திருப்பவர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டுமல்லவா?

ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை நுண்ணுயிர் எதிர்ப்பாற்றல் விழிப்புணர்வு வாரமாக உலக நாடுகள் கடைப்பிடிக்கின்றன. அவ்வாரத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின்னர், நம் ஊரிலிருந்து படிக்கச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவரைத் தம் ஆசிரியரோடு அழைத்துப் பத்து நிமிடம் பேசச் செய்யலாம். பெண்கள் மதரஸாக்களில் மாணவியரைக் கொண்டு தாய்மார்களிடம் பேசச் செய்யலாம். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு இதில் செலவு ஏதுமில்லை. பேச வந்த மாணவருக்கோ, தாம் கற்றதைத் தம் மக்கள் மதிக்கின்றனர் என்ற நம்பிக்கை கிடைக்கும். வார்டின் அவசரத்திலும் நோயாளியின் வற்புறுத்தலிலும் பாடம் மறந்துபோகாமல் அந்நம்பிக்கை அவரைக் காக்கும், இன்ஷா அல்லாஹ்.